கால் எட்டாத வண்டி யாருக்காக?



நம் பகுதியில் வாசகிகள் சமையல், பிள்ளை வளர்ப்பு, மாமியார் மருமகள் என்று எத்தனையோ எழுதுகிறோம். நான் இன்று எழுத வந்திருப்பது மோட்டார் பைக்கின் பின்பக்கம் இருக்கும் ஸ்பிரிங்கைப் பற்றி. "இது ஆம்பிளைங்க சமாச்சாரமாச்சே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! வண்டி ஓட்ட ஆசைப்பட்டு, தரையில் கால் எட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சாவியைத் திருப்பிக் கொடுத்த பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு உயரம் நாலடி பத்து அங்குலம். நான் ஒன்றும் அதிசயமாகக் குள்ளம் இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புகளைப் பார்த்தால் நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமே சுமார் 152 செ.மீ.தான். அதாவது ஐந்தடி. சராசரியே ஐந்தடி என்றால், அதற்கும் கீழே எத்தனை கோடிப் பேர் இருப்போம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தடிப் பெண்ணுக்குத் தொடை இடுக்கிலிருந்து பாதம் வரை கால் நீளம் ஏறக்குறைய 68 செ.மீ. வரும். இப்போது வண்டிகளின் சீட் உயரத்தைப் பாருங்கள். பெண்கள் அதிகம் ஓட்டுகிற ஆக்டிவா, ஜூபிடர் ஸ்கூட்டர்களில் சீட் தரையிலிருந்து சுமார் 76 செ.மீ. உயரம். ஸ்பிளெண்டர் பைக்கில் 78.5 செ.மீ. கிளாசிக் 350 புல்லட்டில் 80.5 செ.மீ. நாம் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும், செருப்பு கொஞ்சம் உயரம் கொடுக்கும் என்றாலும் மீதி இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் இன்னும் மேலே போய்விடும். கட்டைவிரல் நுனியால் தரையைத் தடவிக்கொண்டு நூறு கிலோவுக்கு மேல் உள்ள வண்டியைத் தாங்கிப் பிடிப்பது எப்படியிருக்கும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"நீ ஸ்கூட்டர் வாங்கிக்கோ, பைக் எதுக்கு?" என்று கேட்பீர்கள். வீட்டுக்கு ஒரு வண்டிக்கே தவணை கட்டி முடிக்கிறோம். எங்கள் வெம்பாக்கத்தில் நெசவை நம்பி இருக்கிற வீடுகளில் இரண்டாவது வண்டி என்பது கனவு. இருக்கிற ஒரே வண்டி வீட்டுக்காரர் ஓட்டுகிற 100 சி.சி. பைக்தான். அவருக்கு ஒன்று ஆனால் வண்டி வாசலில் நிற்கும், வேலை வீட்டுக்குள் நிற்கும்.

எங்கள் வீட்டில் அது நடந்தது. சில வருஷங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்குக் கை எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். தறியில் முடிந்திருந்த பட்டுச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். அடுத்த பாவுக்குப் பட்டு வாங்கி வர வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். கூலி வந்தால்தான் அடுப்பு எரியும் என்பது நெசவாளி வீட்டுப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். தாய் வீட்டில் டி.வி.எஸ். 50 ஓட்டியவள், கல்யாணத்துக்குப் பின் கியர் வண்டிக்கும் லைசென்ஸ் எடுத்தவள். இருந்தும் ஒவ்வொரு நாளும் மைத்துனரையும் பக்கத்து வீட்டுப் பையனையும் கெஞ்ச வேண்டியிருந்தது. ஓடும்போது பயமே இல்லை, நிற்கும்போதுதான் பயம். சிக்னலில், வேகத்தடையில், எதிரே மாடு வந்தால் கால் எங்கே ஊன்றுவது?

அப்போதுதான் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். "அது ஒண்ணும் இல்லக்கா, பின்னாடி ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டிட்டா வண்டி இறங்கிடும். சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க" என்றார். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. வேறொரு ஊரில் ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் என் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் பதறிவிட்டான். "வேணாங்கா, கை வைக்க விடாதே. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான். அன்று அவன் தரையில் கோடு போட்டுக் காட்டிச் சொல்லிக் கொடுத்ததைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஸ்பிரிங்கின் வேலை வண்டியை உயர்த்திப் பிடிப்பது மட்டும் இல்லை. பள்ளத்தில் இறங்கும்போது அமுங்கி, சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைப்பதும் அதுதான். சுற்றை வெட்டினால் வண்டி இறங்கும், உண்மைதான். ஆனால் சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகிவிடும். அமுங்குவதற்கான இடமும் குறைந்துவிடும். சின்னப் பள்ளத்துக்கே 'டங்' என்று அடிக்கும், முதுகெலும்பு வரை உதறும். வெட்டிய முனை தட்டையாக உட்காராமல் கோணலாக உட்காரும். பாரம் ஏறினால் டயர் மேலே போய் மட்கார்டில் உரசலாம். இத்தனையும் எதற்கு? ஓர் அங்குலம் கால் எட்டுவதற்காக!

அடுத்த விஷயம், பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஹேண்டில்பார் திரும்புவது மந்தமாகும். முன் சக்கரத்துக்குப் பாரம் குறையும். ஹெட்லைட் மேல் நோக்கி எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கும். முன்பக்கத்தை மட்டும் இறக்கினாலோ ஹேண்டில் துடுக்காகத் திரும்பி, வேகத்தில் ஆட்டம் கொடுக்கும். ஆகவே இறக்குவதென்றால் முன்னும் பின்னும் சமமாக இறக்க வேண்டும். பின்னால் அந்த வண்டிக்குப் பொருந்துகிற நீளம் குறைந்த ஷாக் அப்சார்பர் போட வேண்டும். முன்னால் ஃபோர்க் குழாயை அதன் பிடிப்பில் சிறிது மேலே ஏற்றிப் பூட்ட வேண்டும்.

அதோடும் முடியாது. வண்டி இறங்கிவிட்டால் சைடு ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி சாயாமல் செங்குத்தாக நிற்கும், காற்று அடித்தால் அந்தப் பக்கம் விழும். சென்டர் ஸ்டாண்டு போடுவது பெரிய பாடாகிவிடும். இரண்டையும் அளவு பார்த்துக் குறைக்க வேண்டும். செயின் தளர்ச்சியையும் பார்த்துச் சரி செய்ய வேண்டும். சாதாரண பைக்குக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே 16, 17 செ.மீ. இடைவெளிதான் இருக்கிறது. அதிலும் மூன்று செ.மீ. போனால் நம் ஊர் வேகத்தடைகளில் அடிவயிறு உரசும். வளைவில் திரும்பும்போது கால் வைக்கும் கம்பியும் முன்பைவிடச் சீக்கிரம் தரையைத் தொடும். ஒரு நூல் அறுந்தால் முழுச் சேலையையும் பார்க்க வேண்டியிருக்கிறதே, அப்படித்தான் இதுவும். ஒன்றைத் தொட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. தயாரித்த கம்பெனி குறிப்பிட்டிருக்கும் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது வெட்டிய ஸ்பிரிங் நமக்கு எதிராகச் சாட்சி சொன்னால் என்ன செய்வது? அதனால் ஷாக் அப்சார்பர் வரை போவதென்றால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்காமல் தொடவே கூடாது.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. நம்மில் பலருக்கு ஸ்பிரிங் வரை போகாமலே வேலை முடிந்துவிடும். முதலில் செலவில்லாத வழி. பல பைக்குகளில் பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப் படியாக ஒரு வளையம் இருக்கும். ஐந்து படி இருக்கும். சில ஸ்கூட்டர்களில் மூன்று படி. அதற்கென்று உள்ள வளைந்த ஸ்பேனரால் திருப்பலாம். பாரம் ஏற்றுகிறவர்கள் படியை ஏற்றி வைப்பார்கள். ஒல்லியான பெண் தனியாக ஓட்டும்போது அதைக் கீழ்ப்படியில் வைத்தால், உட்கார்ந்ததும் வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் காசு கிடையாது. பின்னால் ஆள் ஏறும்போது மறக்காமல் படியை ஏற்றிவிட வேண்டும்.

இரண்டாவது, சீட். குஷன் கடைக்குப் போய் சீட்டின் ரெக்சினைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஃபோமைச் சீவச் சொல்லலாம். இரண்டு, இரண்டரை செ.மீ. வரை குறைக்க முடியும். மேலே சீவுவதைவிட முக்கியம், முன்பக்கம் தொடை வருகிற இடத்தில் இரு பக்கமும் சீவிக் குறுக்குவது. சீட் குறுகினால் தொடை நேராக இறங்கும். உயரத்தைக் குறைக்காமலே கால் எட்டும். மொத்த ஃபோமையும் எடுத்துவிடாதீர்கள், அடிப்பலகை இடுப்பில் குத்தும். பழைய சீட் ஒன்றை மலிவாக வாங்கி அதில் இந்த வேலையைச் செய்தால் இன்னும் நல்லது. வீட்டுக்காரருக்கு அவர் சீட், நமக்கு நம் சீட். வண்டியின் எந்த அளவும் மாறுவதில்லை.

மூன்றாவது, பழக்கம். இரண்டு காலும் முழுசாகப் பதிய வேண்டும் என்பது கட்டாயமில்லை. நிற்கும்போது இடுப்பை இடது பக்கம் சிறிது நகர்த்தி, இடது காலை நன்றாக ஊன்றி, வலது காலைப் பிரேக்கில் வைத்துக்கொள்ளலாம். ரோட்டில் எந்தப் பக்கம் மேடு என்று பார்த்து அந்தப் பக்கம் கால் வருகிற மாதிரி நிறுத்த வேண்டும். ஹேண்டிலைத் திருப்பிய நிலையில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. நின்ற இடத்தில் விழுகிறவர்களில் பலர் அப்படித்தான் விழுகிறார்கள். ஹீல்ஸ் செருப்பு உயரம் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள், அது மடங்கிக் காலை வாரிவிடும். அடி தட்டையாக, கனமாக, பின்னால் வார் உள்ள செருப்போ ஷூவோதான் சரி. ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இந்த மூன்றையும்தான் செய்தேன். தம்பி கீழ்ப்படியில் வைத்துக் கொடுத்தான். குஷன் கடையில் சீட்டைக் குறுக்கித் தைத்துக் கொடுத்தார்கள். இப்போது இடது பாதத்தின் முன்பாதி நன்றாக ஊன்றுகிறது. அது போதும். சேலையைக் கொடுக்க, கூலி வாங்க, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக நானே போகிறேன். "எங்கே போறே, எப்ப வருவே, யாரோட போறே" என்ற மூன்று கேள்வியில் கடைசிக் கேள்வி எங்கள் வீட்டில் இப்போது இல்லை.

ஆனால் இது என் வீட்டோடு முடிகிற விஷயமா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சைக்கிள் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் என்ன செய்கிறார்? பிள்ளையை நிற்க வைத்து, ஒரு போல்ட்டைத் தளர்த்தி, சீட்டை இறக்கிப் பூட்டிக் கொடுக்கிறார். எங்கள் தறியில் அவர் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்தால் மிதியின் கயிற்றை ஏற்றிக் கட்டிக்கொள்கிறோம். உட்காரும் பலகைமேல் ஒரு மணையைப் போட்டுக்கொள்கிறோம். அவருக்கு ஓர் அளவு, எனக்கு ஓர் அளவு. குழிக்குள் கால் எட்டவில்லை என்பதற்காக "நீ நெய்ய லாயக்கில்லை" என்று யாரும் சொன்னதில்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்கிற வண்டி மட்டும் ஏன் ஒரே அளவில் வர வேண்டும்?

புதுக்கோட்டை ஞாபகம் வருகிறதா? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வண்டி நமக்காகச் செய்யப்படவில்லை என்றாலும் நாம் விட்டுவிடவில்லை. அந்தத் துணிச்சல் பெருமைதான். ஆனால் அந்தத் துணிச்சலையே காரணம் காட்டி, "எப்படியோ ஓட்டிக்குவாங்க" என்று கம்பெனிகள் இருந்துவிடக் கூடாது.

சட்டம் பெண்களை நினைக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ம் விதி, பின்னால் உட்காருகிறவருக்குப் பிடித்துக்கொள்ளப் பிடியும், கால் வைக்க இடமும், துணி சக்கரத்தில் சிக்காமல் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. நாம் 'சாரி கார்டு' என்கிறோமே, அதுதான். எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்! ஆனால் அது பின்னால் உட்காருகிறவருக்கான விதி. பெண் முன்னால் வந்து உட்கார்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. 1984-ல் கியர் இல்லாத கைனடிக் ஹோண்டா வந்தது. 1990-களில் ஓசூரிலிருந்து ஸ்கூட்டி வந்தது. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஆனாலும் அதில் ஒன்றைக் கவனித்தேன். எஞ்சின் 125 சி.சி.க்கு மேல் போகக் கூடாது, லைசென்ஸ் வேண்டும், வருமானம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று எல்லாம் பேசினோம். வாங்குகிற பெண்ணுக்குக் கால் எட்டுமா என்பது பேச்சிலேயே வரவில்லை.

கம்பெனிகளால் முடியாத காரியமா இது? நம் சென்னையில் வளர்ந்த ராயல் என்ஃபீல்டு, 2023-ல் விட்ட ஹிமாலயன் 450 பைக்கில் சீட் உயரம் 82.5 செ.மீ. அதையே 84.5 செ.மீ.க்கு ஏற்றிக்கொள்ளலாம். தாழ்ந்த சீட்டைத் தனியாக வாங்கிப் போட்டால் 80.5 செ.மீ. ஆகிவிடும். கே.டி.எம். கம்பெனி அதே வருஷம் 390 அட்வெஞ்சர் பைக்கில் 'வி' என்று ஒரு வகை விட்டது. வழக்கமான வண்டியில் 85.5 செ.மீ. இருந்த சீட், இதில் 83 செ.மீ. ஷாக் அப்சார்பரையும் கம்பெனியே அதற்குத் தகுந்த மாதிரி அமைத்துக் கொடுத்தது. இரண்டும் லட்சக்கணக்கில் விலையுள்ள, மலையேறப் போகிறவர்களின் வண்டிகள். மலைக்குப் போகிறவருக்கு இரண்டு செ.மீ. குறைத்துக் கொடுக்க முடிகிறது. ரேஷன் கடைக்கும், செய்யாறு சிப்காட் ஷிப்டுக்கும் போகிற பெண்ணுக்குக் கொடுக்க முடியாதா?

எனக்குத் தோன்றுவது மூன்று விஷயம். ஒன்று, வீட்டு உபயோகத்துக்கு விற்கிற ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் பைக்குக்கும் தாழ்ந்த, குறுகிய சீட் ஒன்றைக் கம்பெனியே செய்து, நியாயமான விலைக்கு ஷோரூமிலேயே வைக்க வேண்டும். இரண்டு, இன்னும் கீழே வேண்டும் என்பவர்களுக்கு ஷாக் அப்சார்பர், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துக் கம்பெனியே அளந்து பொருத்தித் தர வேண்டும், அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதியும் சுலபமாக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றியமைத்துப் பதிவு செய்ய வழி இருக்கும்போது இதற்கும் ஒரு வழி செய்யலாமே! மூன்று, விளம்பரத்தில் மைலேஜைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதன் பக்கத்தில் சீட் உயரத்தையும் போட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வண்டி வாங்கப் போகும் முன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, தொடை இடுக்கில் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை டேப்பால் அளந்தால் அதுதான் உங்கள் கால் நீளம். பிளவுஸுக்கு அளவு வைத்திருக்கிற மாதிரி இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூமில் கலர் பார்க்கும் முன் ஏறி உட்காருங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு, பின்னால் தள்ளிப் பாருங்கள். கணவரோ அண்ணனோ ஓட்டிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் போதாது. ஓட்டப்போவது யாரோ அவர் கால்தான் சொல்ல வேண்டும். "உங்களுக்கு இது சரிப்படாது மேடம்" என்று விற்பனைப் பையன் சொன்னால், "எனக்கு வண்டி சரிப்படலையா, வண்டிக்கு நான் சரிப்படலையா?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். தப்பில்லை.

இன்னொன்று, ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மனைவி வண்டி எடுக்கிறாள் என்பதற்காகச் சீட்டைச் சீவினால் வண்டியின் 'கெத்து' போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. குடும்பத்தில் இன்னும் ஒருவர் அவசரத்துக்கு வண்டி எடுக்க முடியும் என்பதைவிடப் பெரிய கெத்து எது ஐயா?

நடுராத்திரியில் பிள்ளைக்கு ஜுரம் வந்தால், வாசலில் நிற்கிற வண்டியை எடுக்கத் தெரிந்தும் எட்டாமல் கைபிசைந்து நிற்கும் நிலைமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. நாம் குள்ளமாகப் பிறந்தது குற்றம் இல்லை. நம்மை அளக்காமல் வண்டி செய்கிறார்களே, அதைத்தான் கேட்க வேண்டும். ஒருத்தி கேட்டால் சிரிப்பார்கள். ஊருக்குப் பத்துப் பேர் ஷோரூமில் போய்க் கேட்டால் தாழ்ந்த சீட் தானாக வந்து இறங்கும். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே? உங்கள் ஊரில் இதற்கு வேறு நல்ல வழி கண்டவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். நாலு பேருக்கு உதவும்.

இப்படிக்கு,
நெசவாளி வீட்டு வாசகி ஒருத்தி,
வெம்பாக்கம்.